“சீக்கிரம் வாடா” என்று சொல்லிவிட்டு இறங்கினோம்

ஜவ்வாது மலைப் பாதைகளில் தோழர்களைப் பறிகொடுத்தவர்களின் கதை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை சமவெளியை விட்டு மலையின் மடியில் புகுகின்ற இடத்தில், தேநீர்க் கடை ஒன்றின் முன் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மார்கழி மாதத்து அந்திப்பொழுது. கறுத்துவிட்ட மலைச்சரிவில் இறங்கி வரும் வண்டிகளின் விளக்குகள் ஒரு வளைவில் தோன்றி, மறு வளைவில் மறைந்து, மீண்டும் சற்றுத் தாழ்வாகத் தோன்றுவதை அண்ணாந்து பார்த்தபடி, எங்களில் ஒருவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். காலையில் ஏழு மோட்டார் சைக்கிள்களில் ஏறியவர்கள் நாங்கள். ஆறு இறங்கிவிட்டன. ஏழாவது வண்டிக்காரன் மேலே ஒரு திருப்பத்தில் நின்று, அஸ்தமன காலத்து மலை மடிப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் கடந்தபோது தலையைத் திருப்பி, “சீக்கிரம் வாடா, கீழ நிக்கிறோம்” என்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அவனுக்கும் சேர்த்துச் சொல்லியிருந்த தேநீர் கண்ணாடிக் குவளையில் ஆடை படிந்து ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் மேலிருந்து வந்த சரக்கு ஆட்டோக்காரர் ஒருவர் எங்கள் அருகில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே, “உங்க ஆளுங்களா தம்பி? ரெண்டு திருப்பத்துக்கு மேல ஒரு வண்டி கெடக்குது” என்றார்.

அவனுக்கு அப்போது வயது 26. அவன் மது அருந்தியிருக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவனும் அல்லன். முன்னே போய்விட்ட சிநேகிதர்களை எட்டிப் பிடிக்க வேண்டுமென்ற அவசரத்தைத் தவிர அவனிடத்தில் வேறு குற்றம் எதுவும் இல்லை. அந்த அவசரத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

வாரக் கடைசி வந்துவிட்டால் மலைப்பாதைகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வண்டிகள் புறப்படுவதும், திங்கட்கிழமைப் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக யாரோ ஒரு வாலிபரின் மரணம் இடம்பெறுவதும் இன்று நமக்குப் பழகிப்போன காட்சிகள். விபத்துக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்தையும் சாலையையும் சட்டத்தையும் பேசுகிறார்கள். அவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால் தோழர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல்லும், சொல்லாமல் விடும் சொல்லும் இந்த மரணங்களில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதை, அத்தகைய ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வந்தவன் என்ற முறையில் நான் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே பாதை, இரு வகைப் பிரயாணிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. போளூர் வழியாகவும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், அமிர்திக் காட்டின் வழியாகவும், செங்கத்துப் பக்கமிருந்தும் மேலே ஏறலாம். 1986-இல் திறந்துவைக்கப்பெற்ற 2.3 மீட்டர்த் தொலைநோக்கியைக் கொண்ட காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும், பீமன் அருவியும், நகரத்தின் வெளிச்சம் தீண்டாத இரவு ஆகாயமும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்களை இங்கே அழைக்கின்றன. ஏலகிரியைப்போல் கூட்டமில்லை என்பதே இம்மலையின் பெரிய கவர்ச்சி. கூட்டமில்லாத மலையில் விழுந்தவனைக் கண்டெடுப்பதற்கும் ஆளில்லை என்பது விழுந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

இப்பாதைகளை உபயோகிக்கும் இன்னொரு கூட்டத்தார் இங்கேயே பிறந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். நகரத்து வாலிபனுக்கு உல்லாசமாகிய மோட்டார் சைக்கிள், இவர்களுக்குப் பேருந்தும் பொதிமாடும் ஆஸ்பத்திரி வண்டியுமாகும். சாமை மூட்டையும், பலாப்பழமும், புளியும் அதில்தான் சந்தைக்கு இறங்குகின்றன. காய்ச்சல் கண்ட பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் தந்தையுமாக மூன்று பேர் அதில்தான் வைத்தியரைத் தேடிப் போகிறார்கள். ஒரே வண்டியில் மூவர் போவது குற்றமென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்லுவது முற்றிலும் நியாயமே. அந்த மூன்றாமவர் ஏறிப்போவதற்கு வேறு வாகனம் வருகிறதா என்று கேட்பதும் அதே அளவு நியாயமாகும்.

2022 ஏப்ரல் மாதத்தில் திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர்நாட்டை அடுத்த மலைப்பாதையில், கோயிலுக்குப் போன கிராமத்தாரை ஏற்றிச்சென்ற சரக்கு வேன் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் சிறுமியரும் உட்பட 11 பேர் மாண்டார்கள். 2023 மே மாதத்தில், அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரியை அடையுமுன் இறந்தது. சாலையில்லாத காரணத்தால் அதன் உடலைத் தாய் தன் கையிலேயே சுமந்துகொண்டு மலையேறினாள். இவை மோட்டார் சைக்கிள் விபத்துக்கள் அல்லவே என்று வாசகர் நினைக்கலாம். பேருந்து வராத ஊரில் சரக்கு வேனும் இரு சக்கர வண்டியுமே மனிதரைச் சுமக்கின்றன என்பதையும், மலைவாசி இளைஞனுடைய அபாயம் அவன் தேடிக்கொண்டதன்று என்பதையும் உணர்வதற்காகவே இவற்றைச் சொல்லுகிறேன்.

┌─────────────────
எண்கள் சொல்லுபவை

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவர்களுள் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். அதாவது 100-க்கு 44 பேருக்கு மேல்.

தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

அவ்வாண்டில் நாட்டிலேயே அதிகமான விபத்துக்கள் நிகழ்ந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள்.
└─────────────────

கூத்தன் சொன்ன வழி

இந்த மலைப்புறத்துக்கும் வழிப்பயணத்தின் எச்சரிக்கைக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பெற்ற ‘மலைபடுகடாம்’, ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாற்றின் கரைநாட்டைச் செங்கத்திலிருந்து ஆண்ட நன்னனைப் பாடியது. 583 அடிகளைக் கொண்ட அந்நூலில், நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர்களை நிறுத்தி, அவர்கள் போக வேண்டிய பாதையைச் சொல்லுகிறான். வள்ளலின் பெருமையைப் பாடுவதற்கு எழுந்த நூல், அந்தப் பாதையின் அபாயங்களைச் சொல்லுவதற்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் நான் வியந்திருக்கிறேன். பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழிகள் எவை, தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கற்கள் எப்படிப் பாய்ந்து வரும், வழுக்கும் இடத்தில் எவ்வாறு அடி வைப்பது, இருட்டிவிட்டால் நடையை நிறுத்தி எங்கே தங்குவது என்றெல்லாம், தான் நடந்து கண்டதை அவன் பொறுமையாக எடுத்துரைக்கிறான்.

அவன் முன்பின் அறியாதவர்களுக்கு இதைச் சொன்னான். நாங்கள் பத்தாண்டு பழகிய தோழனுக்கு இதில் ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை. அன்று காலை ஏறும்போதே சாலையில் மூன்று இடங்களில் தானியம் பரப்பியிருந்ததைப் பார்த்தோம். வண்டிச் சக்கரம் ஏறி இறங்கினால் மணி உதிருமென்று அறுவடைக் காலத்தில் கதிரைச் சாலையிலேயே பரப்பிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். உழுது பிழைக்கும் மக்களுக்குக் களம் கட்டித் தராத குறையை அவர்கள் தலையில் சுமத்துவதற்கில்லை. ஆனால் உருண்டு ஓடும் அந்த மணிகளின்மீது சாய்ந்த நிலையில் ஏறும் வண்டிக்குப் பிடிமானம் இருப்பதில்லை. மூன்று இடங்களும் எங்கள் அனைவருக்கும் தெரியும். மாலை மங்கலில் அவற்றுள் ஒன்றை அவன் மறந்தான். நினைவூட்டியிருக்க வேண்டியவர்கள் தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம்.

இறக்கத்தின் இயல்பு

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்ற எண்ணம் கால்நடையாகப் போகிறவனுக்கே முழுப் பொருத்தமில்லாதது. வண்டியில் போகிறவனுக்கோ அது பெரும் மயக்கம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் மலையே வண்டியை நிறுத்திவிடும். இறக்கத்தில் மலை முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. பெட்ரோல் மிச்சமாகுமென்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குபவர்களை இம்மலையில் சாதாரணமாகக் காணலாம். கீழ் கியரில் எஞ்சின் தானாகவே தரக்கூடிய தடையை இழந்துவிட்டு, முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் போட்டு, அது காய்ந்து சூடேறிப் பிடிப்பை இழக்கும் வரையில் அவர்கள் அழுத்திக்கொண்டே வருகிறார்கள். மிச்சமாகும் பெட்ரோலோ சில ரூபாய்க்கு மேல் பெறாது.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பதை யாரும் வேகமென்று சொல்லமாட்டார்கள். ஆயினும் அவ்வேகத்தில் வண்டி விநாடிக்கு 10 மீட்டர் நகருகிறது. கண் கண்டதைக் கையும் காலும் நிறைவேற்றுவதற்கு ஒன்றரை விநாடி ஆகுமானால், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 15 மீட்டர் கழிந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் எதிரே தெரிகின்ற தூரம் பல இடங்களில் அதனினும் குறைவு. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகுமென்பது பௌதிக விதி. அதற்குத் திறமைசாலி, புதியவன் என்ற வித்தியாசம் தெரியாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது நல்ல காரியமே. சக்கரம் இறுகிச் சறுக்காமல் அது காக்கும்; ஆனால் மணலும் ஜல்லியும் தானியமும் கிடக்கும் வளைவில் சாய்ந்து புகுந்துவிட்ட வண்டியைத் தூக்கி நிறுத்த எந்தக் கருவியாலும் இயலாது.

சாகசத்தைப் படம்பிடித்துக் காட்டும் பழக்கமும் இவற்றோடு சேர்ந்துவிட்டது. காணொலிகளால் லட்சக்கணக்கான இளைஞர்களைக் கவர்ந்த ஒருவர், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, சென்னையிலிருந்து இந்த மலைக்கு வருகிறவர்கள் கடக்கும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்தார். விலையுயர்ந்த பாதுகாப்பு உடைகளால் அவர் பிழைத்தார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. அவரைப் பார்த்துப் பழகிய கிராமத்துப் பையனிடம் அத்தகைய உடை இல்லை.

விழுந்த பிறகு

சரக்கு ஆட்டோக்காரர் சொன்ன இடத்துக்கு நாங்கள் ஏறிப்போனபோது, மலைவாசிகள் இருவர் அவன் அருகில் குந்தியிருந்தார்கள். ஒருவர் தம் தலைத்துண்டை மடித்து அவன் காதோரம் அழுத்திப் பிடித்திருந்தார். எங்களுக்கு வந்த முதல் எண்ணம் அவனைத் தூக்கி ஒரு வண்டியில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கீழே கொண்டுபோவது, அவ்வாறே செய்தோம். கழுத்தெலும்பும் முதுகெலும்பும் அடிபட்டவனை அப்படி மடக்கித் தூக்கலாகாது என்பதைப் பின்னால் ஒரு மருத்துவர் எங்களுக்குச் சொன்னார். 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பொறுமை எங்களுக்கு இல்லை. பல வளைவுகளில் கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடைக்கவில்லை. ஜமுனாமரத்தூரிலோ போளூரிலோ முதலுதவி கிடைக்கும். தலைக்காயத்துக்கு வேண்டிய பெரிய சிகிச்சைக்குத் திருவண்ணாமலைக்கோ, வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். அந்தத் தூரத்தைத் தாண்டும் முன்பே அவன் பிராணன் பிரிந்தது.

மரணம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பிரேதப் பரிசோதனை, எஃப்.ஐ.ஆர்., காப்பீட்டு அலுவலகம் என்று அவனுடைய தகப்பனார் ஓராண்டு அலைந்தார். வண்டி அவனுடையதன்று, எங்களில் ஒருவனிடம் இரவல் வாங்கியது. இரவல் வண்டியில் போய்த் தானே விழுந்து இறந்தவனுடைய குடும்பம், அவ்வண்டியின் காப்பீட்டு நிறுவனத்தினிடம் மூன்றாம் நபர் என்ற முறையில் இழப்பீடு கோருவதற்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ராம்கிலாடி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்ச மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த வண்டியாயின், பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கும் அந்த நிறுவனம் பொறுப்பாகாது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. “ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன், சாவியைக் குடு” என்று கேட்பவனுக்கும், கொடுப்பவனுக்கும், பின்னால் தொற்றிக்கொள்பவனுக்கும் இவை தெரிந்திருப்பதில்லை.

ஓட்டியவன் பிழைத்துப் பின்னால் இருந்த நண்பன் இறந்துபோகும் சந்தர்ப்பங்களே எல்லாவற்றிலும் கொடியவை. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவின்கீழ் அவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். தண்டனை ஐந்தாண்டுகள் வரை போகலாம். இறந்தவன் வீட்டு வாசலுக்குத் துக்கம் கேட்கக்கூட அவனால் போக முடிவதில்லை. உயிர்நண்பனைக் கொன்றவன் என்ற பெயரை ஊர் அவனுக்குச் சூட்டுகிறது. அதைவிடக் கடுமையாக அவனே தனக்குச் சூட்டிக்கொள்கிறான்.

செங்கத்தைச் சுற்றிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து 1972-இல் நூலாகவே வெளியிட்டது. பிறர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கப் பொருது மாண்ட வீரனின் பெயரையும், அவன் எதற்காக இறந்தான் என்பதையும் அக்கல்லில் எழுதிவைத்தார்கள். இன்று அதே ஊர்களின் நாற்சந்திகளில் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர்கள் நிற்கின்றன. கறுப்புக் கண்ணாடி அணிந்து, தன் வண்டிமேல் சாய்ந்து சிரிக்கும் இளைஞன். கீழே வரிசையாகத் தோழர்களின் சிறு படங்கள். எதற்காக இறந்தான் என்பது மட்டும் எந்தப் பேனரிலும் எழுதப்படுவதில்லை. எங்கள் நண்பனுக்கு நாங்கள் வைத்த பேனரிலும் எழுதவில்லை.

┌─────────────────
அறிந்திருக்க வேண்டியவை

தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் (2021 டிசம்பர்): முதல் 48 மணி நேரத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை இலவசச் சிகிச்சை. எந்த மாநிலத்தாராயினும் பெறலாம்.

மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் (2025 மே): 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு.

உதவியவருக்குப் பாதுகாப்பு: மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி, காயம்பட்டவரை நல்லெண்ணத்தோடு காப்பாற்ற முயன்றவர்மேல் வழக்கில்லை, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது.

சிறுவர் ஓட்டினால்: 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து, அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை.

மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதலிடம். இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.
└─────────────────

துக்கம் சொல்லாக மாறிய இரு சம்பவங்கள்

1935 மே 13 அன்று, அரேபியப் பாலைவனத்துப் போரினால் உலகப் புகழ் பெற்ற டி. ஈ. லாரன்ஸ், இங்கிலாந்தின் டார்செட் சீமையில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் வந்தபோது, எதிர்ப்பட்ட இரு சைக்கிள் பையன்களைத் தவிர்க்கத் திருப்பி விழுந்தார். ஆறு நாள் பிரக்ஞையின்றிக் கிடந்து மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர் அம்மரணத்தை விதியென்று ஏற்றுக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ராணுவத்துத் தூதுவண்டிக்காரர்களுக்கு அது கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அந்நாட்டில் 1973-இல்தான் சட்டம் வந்தது. நம் மாநிலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்டு, 2015 ஜூலை முதல் நாள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறதென்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. கன்னத்துப் பட்டையை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மற்றொன்று நம் நாட்டுச் சம்பவம். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் மகனாகிய 15 வயது ஹிதேந்திரன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புக்களைத் தானமாக அளித்தார்கள். அவனுடைய இருதயம் ஒரு சிறுமியின் மார்பில் துடித்தது. தமிழகத்து உறுப்பு தான இயக்கம் வலுப்பெற்றது அந்நாளிலிருந்துதான். உறுப்பு தானம் செய்தோருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்ற அறிவிப்பு 2023-இல் வந்தது. அவர்களுடைய தியாகத்தைப் போற்றுகிற நாம், 15 வயதுப் பிள்ளைகளின் கைக்கு வண்டிச் சாவி போவதை இன்றளவும் பெருமையாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியவை

ஜவ்வாது மலைக்கு அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. மலைக்கிராமங்களுக்குக் காலையும் மாலையும் தவறாமல் சிறு பேருந்துகள் விட வேண்டும். சரிவோரங்களில் தடுப்பு வேலியும் கண் மறைக்கும் திருப்பங்களில் குவிகண்ணாடியும் வேண்டும். ஊர்தோறும் தானியம் அடிக்கக் களம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாக, தலையில் அடிபட்டவனை அடுக்கம்பாறை சேரும் வரையில் உயிரோடு காக்கக்கூடிய அவசரச் சிகிச்சைப் பிரிவு ஜமுனாமரத்தூரிலேயே வேண்டும். நகரத்தான் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறான். மலைவாசி ஆண்டு முழுவதும் அந்தப் பாதையிலேதான் இறங்கி ஏறுகிறான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இம்மலை ஏறவிருக்கும் தம்பிமார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாலு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். ஏறும்போது கண்ட மணலையும் தானியத்தையும் பள்ளத்தையும் இறங்குமுன் ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்லுங்கள். உங்களில் நிதானமாக ஓட்டுகிறவனை முன்னே விட்டு, அவனுடைய வேகத்துக்கு எல்லோரும் அடங்கி வாருங்கள். யாராவது படமெடுக்க நின்றால் அவனோடு இன்னொருவனும் நிற்கட்டும். அப்படியும் ஒருவனைப் பின்னே விட்டு வர நேருமானால், “மெதுவா வாடா, நீ வர்ற வரைக்கும் கீழதான் இருப்போம்” என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு இறங்குங்கள்.